பாரிஸில் 10 கிலோமீட்டருக்குள் ஒரு வசந்த நடை: சிநேகிதியைச் சந்திக்கப் போகிறவர்களுக்கு

2021 வசந்தம். கொரோனாவால் பாரிஸில் முடக்கம்: பகலில் வீட்டிலிருந்து 10 கிலோமீட்டருக்கு மேல் நடக்கப் போக முடியாது, மாலை 19 மணிக்குப் பின் ஊரடங்கு. ஐந்து மாதமாக நானும் என் சிநேகிதியும் கைபேசியில் மட்டுமே கதைத்துக்கொண்டிருந்தோம். நான் இருப்பது பாரிஸின் வடக்குப் புறநகரான லாகூர்நெவ்வில், அவள் இருப்பது தெற்குப் புறநகரான வித்ரியில். அவள் பாரிஸ் வந்து ஒரு வருடம் ஆகவில்லை. வந்த நாளிலிருந்து அறை, வேலை, அறை என்றே போய்விட்டது. "பூ மரம் பூத்திருக்காமே, ஒருநாள் கூட்டிக்கொண்டு போ" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

முதல் தடவை நாங்கள் வெளிக்கிட்டது மார்ச் 28, ஞாயிற்றுக்கிழமை. ஈஃபில் கோபுரத்தடியில் சந்திப்பதாகப் பேச்சு. நான் மெத்ரோ ரயிலை விட்டு வெளியே வந்ததும் பொலிஸ் மறித்தது. என் வீட்டிலிருந்து ஈஃபில் கோபுரம் கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர். 135 யூரோ தண்டம். அவளைப் பார்க்காமலே திரும்பி வந்தேன். இரண்டாம் தடவை, ஏப்ரல் 14 புதுவருடத்தன்று, எல்லாவற்றையும் அளந்து பார்த்துப் போனோம். ஒரு பிரச்சினையும் வரவில்லை. அந்த இரண்டு நாளுக்கும் இடையில் நான் தேடிப் படித்து, ஆட்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதை எழுதியது 2021 ஏப்ரல் 17 அன்று. விதிகளும் விலைகளும் அன்றைக்கு இருந்தவை, இப்போது அவை மாறிவிட்டன. அன்று வெளிக்கிட இருந்தவர்களுக்குச் சொன்னபடியே கீழே தருகிறேன்.

1. முதலில் இரண்டு வட்டங்களை வரையுங்கள்

அப்போதைய விதி சுருக்கமானது. காலை 6 மணியிலிருந்து மாலை 19 மணிவரை, உங்கள் வீட்டைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் நடக்க முடிந்தது. எத்தனை மணி நேரம் என்று கட்டுப்பாடு இருக்கவில்லை. வெளியில் ஆறு பேர்வரை ஒன்றுகூட முடிந்தது, ஆகவே சிநேகிதியைச் சந்திப்பது குற்றமாக இருக்கவில்லை. அவள் அறைக்குள் போய் இருந்து கதைப்பதைத்தான் தவிர்க்கச் சொன்னார்கள்.

இதில் பலரும் தவறவிடுவது ஒன்றுதான்: வட்டம் ஆளுக்கு ஒன்று. நீங்கள் சந்திக்கும் இடம் உங்கள் வட்டத்துக்குள்ளும் இருக்க வேண்டும், அவருடைய வட்டத்துக்குள்ளும் இருக்க வேண்டும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் 20 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் பொது இடமே கிடையாது. எங்கள் வீடுகளுக்கு இடையில் சுமார் 15 கிலோமீட்டர். அதனால் பாரிஸின் நடுவில் ஒரு துண்டு எங்கள் இருவருக்கும் பொதுவாகக் கிடைத்தது.

தூரத்தை நேர்கோட்டில் அளக்க வேண்டும். கைபேசியில் வழி கேட்டால் அது வீதித் தூரத்தைச் சொல்லும், அது எப்போதும் கூடத்தான் இருக்கும். அதை நம்பினால் போகக்கூடிய இடத்தையும் போக முடியாது என்று நினைத்து விட்டுவிடுவீர்கள். அரசாங்கத்தின் வரைபடத் தளமான ஜியோபோர்த்தாயில் உங்கள் முகவரியைப் போட்டால் வட்டம் வரைந்து காட்டும். இரண்டு முகவரிக்கும் தனித்தனியாக வரைந்து, இரண்டு படத்தையும் கைபேசியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு வந்த முடிவைச் சொல்கிறேன், ஒரு யோசனைக்கு உதவும். சோ பூங்காவின் இளஞ்சிவப்புச் செர்ரி மரங்களைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். வித்ரியிலிருந்து அது 7 கிலோமீட்டர் அளவுதான், அவள் தாராளமாகப் போகலாம். எனக்கு அது 18 கிலோமீட்டர். சரி, அது இல்லை. ஈஃபில் கோபுரம் அவளுக்குச் சரி, எனக்கு இல்லை. தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் கடைத்தெரு எனக்கு மிகக் கிட்ட, ஆனால் அவளுக்கு 10ஐத் தாண்டுகிறது. ரெபுப்ளிக் சதுக்கம், பஸ்தி, நோத்ர்தாம் பக்கம், ஜார்தான் தே பிளாந்த் என்கிற தாவரவியல் தோட்டம், இவை நான்கும் இருவருக்கும் உள்ளே. அந்தத் தோட்டத்தில் செர்ரி மரமும் இருக்கிறது. எங்கள் பாதை அப்படித்தான் முடிவானது.

இன்னொரு பொறி. "30 கிலோமீட்டர்வரை போகலாமாம்" என்று யாராவது சொல்வார்கள். அப்படி ஒரு விதி இருந்தது. ஆனால் அது அத்தியாவசியச் சாமான் வாங்குவது, அலுவலகக் காரியம் போன்றவற்றுக்கு, அதுவும் வெளியே போகும் காரணத்தை எழுதிக் கையொப்பமிடும் அத்தெஸ்தாசியோன் படிவத்தோடு. நடப்பதற்கு அது பொருந்தவில்லை. "சாமான் வாங்கப் போகிறேன்" என்று படிவத்தில் எழுதிவிட்டுப் பூப் பார்க்கப் போகாதீர்கள். வதிவிட அட்டைக்குக் காத்திருப்பவர்கள் பொய்க் கையொப்பம் வைக்கவே வேண்டாம்.

2. முகவரியைக் காட்டும் பேப்பரைத் தயார்செய்யுங்கள்

10 கிலோமீட்டருக்குள், பகலில் நடப்பதற்கு அத்தெஸ்தாசியோன் தேவைப்படவில்லை. மார்ச்சில் இரண்டு பக்கப் படிவம் ஒன்று வந்தது, வந்த வேகத்திலேயே அதைக் கைவிட்டுவிட்டார்கள். அதுவும், 2020ஆம் ஆண்டுப் படிவங்களும் ஏப்ரலிலும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றை நிரப்பி நேரத்தை வீணாக்காதீர்கள்.

பொலிஸ் கேட்டது "ஜுஸ்திஃபிகதிவ் த தொமிசில்". அதாவது நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பதற்கு ஒரு அத்தாட்சி. சொந்தப் பெயரில் வாடகை ஒப்பந்தம் உள்ளவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. கரண்ட் பில்லோ, வாடகைப் பற்றுச்சீட்டோ, வீட்டுக் காப்புறுதித் தாளோ ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். வதிவிட அட்டையின் பின்புறத்தில் இப்போதைய முகவரி இருந்தால் அதுவும் உதவும். வீடு மாறியும் அட்டையை மாற்றாதவர்கள் கவனம்: பொலிஸ் முதலில் பார்ப்பது அட்டையில் உள்ள முகவரியைத்தான்.

சிக்கல் புதிதாக வந்தவர்களுக்குத்தான். நம்மில் பாதிப்பேர் மாமா வீட்டில், ஒன்றுவிட்ட அண்ணா வீட்டில், நாலுபேர் சேர்ந்த அறையில் இருக்கிறோம். பில் வேறொருவர் பெயரில் வரும். இதற்கு வழி "அத்தெஸ்தாசியோன் தெபேர்ஜ்மோன்". வீட்டுக்காரர் ஒரு வெள்ளைத் தாளில் தன் பெயர், பிறந்த திகதி, முகவரி எழுதி, இன்னார் இத்தனையாம் திகதியிலிருந்து என் வீட்டில் வசிக்கிறார் என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். அதோடு அவருடைய அடையாள அட்டைப் பிரதி ஒன்று, அவர் பெயரில் வந்த சமீபத்திய பில் ஒன்று. மூன்றையும் சேர்த்துக் குத்திக்கொள்ளுங்கள். என் சிநேகிதிக்கு இதைத்தான் செய்தோம். எழுத பத்து நிமிடம், பிரதி எடுக்க சில சதங்கள். இந்தக் கடிதம் பிறகு வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்புறுதி என்று எல்லா அலுவலுக்கும் கேட்பார்கள். எப்படியும் ஒருநாள் எழுதத்தான் வேண்டும், இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

அகதி விண்ணப்பம் போட்டிருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். விண்ணப்பம் போட்டதற்குத் தரும் சீட்டான ரெசிப்பிசேயில் இருப்பது பெரும்பாலும் கடிதம் வந்து சேர்வதற்காக ஒரு சங்கம் கொடுத்த முகவரி. நீங்கள் படுத்து எழும்பும் இடம் வேறு. அந்தச் சங்கம் பாரிஸின் மறு மூலையில் இருந்தால், அட்டையைப் பார்க்கிற பொலிஸ்காரர் உங்கள் வட்டத்தை அங்கிருந்து அளப்பார். எனக்கு அன்றைக்கு நடந்தது இது அல்ல, நான் உண்மையிலேயே வெளியே போயிருந்தேன். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி தன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி நின்று இதற்காக அரை மணி நேரம் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. மேலே சொன்ன கடிதம் கையில் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

பேப்பரைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருங்கள், தாளாகவும் வைத்திருங்கள். நாள் முழுக்கப் படம் எடுத்துக்கொண்டு நடந்தால் மாலையில் கைபேசி செத்துவிடும். உங்களை மறிக்கப்போவதும் பெரும்பாலும் மாலையில்தான்.

3. நேரத்தை 19 மணியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

19 மணிக்கு நீங்கள் வீட்டுக்குள் இருக்க வேண்டியிருந்தது. 19 மணிக்கு மெத்ரோவில் இருப்பது போதவில்லை. நடப்பது இரவு ஊரடங்குக்கு விலக்கான காரணமாகவும் இருக்கவில்லை.

வெளிச்சம் ஏமாற்றும். மார்ச் 28 அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். ஏப்ரல் நடுவில் 20 மணி தாண்டியும் சூரியன் இருக்கும். 18 மணிக்குத் தோட்டத்தில் இருந்தால் நடுப் பின்னேரம் போலத்தான் தெரியும். அதனால் கைபேசியில் அலாரம் வையுங்கள். நாங்கள் 17:15க்கு வைத்தோம். என் கணக்கு: தோட்டத்திலிருந்து மெத்ரோ நிலையத்துக்கு 10 நிமிடம், 7ஆம் இலக்க மெத்ரோவில் 35 நிமிடம், நிலையத்திலிருந்து வீட்டுக்கு 10 நிமிடம். அதற்கு மேல் அரை மணி நேரம் சும்மா விட்டுவைத்தேன். ஊரடங்குக்கு முந்திய மணி நேரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள், பெட்டிகள் நிரம்பும். நோய்க்கும் அதுதான் வசதியான இடம்.

முடிந்தால் வார நாளில் போங்கள். மார்ச் 31 அன்று வெயில் 25 பாகையைத் தாண்டியது, செய்ன் ஆற்றங்கரை நிரம்பி வழிந்து, பொலிஸ் வந்து எல்லோரையும் எழுப்பி அனுப்பியது. நல்ல வெயில் அடிக்கும் சனி, ஞாயிறுகளில் ஆற்றங்கரையை நம்பித் திட்டம் போட வேண்டாம். மறு வாரமே பனித்துகள் விழுந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே போய் ஒதுங்க ஒரு கோப்பிக் கடைகூடத் திறந்திருக்கவில்லை, அதனால் ஏப்ரல் வெயிலை நம்பி மெல்லிய சட்டையோடு வெளிக்கிடாதீர்கள்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்னொரு நாளையும் கணக்கில் சேருங்கள். கொரோனாவுக்கான பிசிஆர் சோதனை அப்போது இங்கே இலவசம். ஏப்ரல் 12 முதல் மருந்துக் கடைகளில் நீங்களே செய்துகொள்ளும் சோதனையும் விற்றார்கள், அப்போது கூடியது 6 யூரோ. லேசாகத் தொண்டை கரகரத்தாலும் நடையைத் தள்ளிப்போடுங்கள். என் சிநேகிதி அம்மா வயதுள்ள ஒருவரோடு அறையைப் பகிர்கிறாள். அதனால் நான் முதல்நாள் சோதித்துவிட்டுத்தான் போனேன்.

4. செலவு

எனக்கு மெத்ரோ இரண்டு டிக்கெட், அப்போது ஒன்று 1.90 யூரோ, மொத்தம் 3.80. மெத்ரோ டிக்கெட் கடைசி நிலையம்வரை ஒரே விலைதான், லாகூர்நெவ்வுக்கும் அதுவே. ஆனால் ஒருமுறை வெளியே வந்துவிட்டால் அதே டிக்கெட்டில் மறுபடி மெத்ரோவுக்குள் போக முடியாது. வழியில் கடைக்கு இறங்க நினைப்பவர்கள் இதை யோசித்து இறங்குங்கள். நான் லாச்சப்பலில் இறங்கியபின் நடந்தே போய்விட்டேன். அவளிடம் மாதப் பயண அட்டையான நவிகோ இருந்ததால் செலவில்லை. அவள் வருவது புறநகர்களுக்கு ஓடும் ஆர்இஆர் ரயிலில். வித்ரி பாரிஸுக்கு வெளியே இருப்பதால் அட்டை இல்லாதவர்கள் அப்போது அதற்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது. 1.90 டிக்கெட்டோடு ஏறியவர்கள் வெளியேறும் இடத்தில் அகப்பட்டார்கள்.

சாப்பாட்டுக்கு 9 யூரோ கொடுத்தேன். சோதனைக்கு 6. தோட்டம் இலவசம். இவ்வளவுதான்.

5. பாதை: லாச்சப்பலிலிருந்து செர்ரி மரம்வரை

உணவகங்களும் கோப்பிக் கடைகளும் 2020 அக்டோபர் கடைசியிலிருந்து பூட்டித்தான் கிடந்தன. பார்சல் மட்டும் கொடுத்தார்கள். அதனால் நான் முதலில் லாச்சப்பலில் இறங்கி வடை, ரோல்ஸ், இரண்டு பொதி கொத்து ரொட்டி வாங்கினேன். புதுவருட நாள் என்பதால் கடைகளுக்கு வெளியே வரிசை நின்றது. ஒரு தடவைக்கு இத்தனை பேர்தான் உள்ளே என்று கதவில் எழுதியிருந்தார்கள். 20 நிமிடம் அதற்கே போனது.

அங்கிருந்து கிழக்கே பத்து நிமிடம் நடந்தால் ஜோரெஸ் மெத்ரோ நிலையம். அதிலிருந்து செயின்ட் மார்த்தான் கால்வாயைப் பிடித்துக்கொண்டு தெற்கே வாருங்கள். வழி கேட்கவே வேண்டாம், தண்ணீர் கூட்டிக்கொண்டு போகும். வளைந்த இரும்பு நடைபாலங்கள், படகை மேலே தூக்கி இறக்கும் நீர்க்கதவுகள், இரு கரையிலும் பிளேன் மரங்களின் புதுத் துளிர். இந்த ஊரில் எனக்கு மிகப் பிடித்த அரை மணி நேரம் இது. கரையில் உட்காரலாம், ஆனால் பொது இடத்தில் மது குடிப்பதற்கு அந்த மாதம் தடை இருந்தது. பக்கத்தில் குடித்துக்கொண்டிருக்கும் கூட்டம் இருந்தால் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், பொலிஸ் வந்தால் எல்லோரையும் சேர்த்துத்தான் எழுப்பும்.

கால்வாய் நிலத்துக்கடியில் போகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் ரெபுப்ளிக் சதுக்கம். அவள் வட்டத்துக்குள் இருப்பதால் அங்கே சந்தித்தோம். சிலையடியில் நின்றாள். மாஸ்க் போட்டபடி தூரத்திலிருந்து கையை ஆட்டினாள், கிட்ட வந்ததும் இரண்டு பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் முழங்கையால் தட்டிக்கொண்டோம். பிறகு கொஞ்ச நேரம் எதுவும் கதைக்கவில்லை.

ரெபுப்ளிக்கிலிருந்து பஸ்திவரை ரிஷார் லெனுவார் அகல வீதியின் நடுவில் ஒரு நீளமான பூந்தோட்டம் போகிறது. கால்வாய் அதற்குக் கீழே ஓடுகிறது. பஸ்தியில் அது மறுபடி வெளியே வந்து படகுத் துறையாகி, ஆற்றில் சேருகிறது. அதன் கரையோடு போய், ஓஸ்தர்லிட்ஸ் பாலத்தைக் கடந்தால் எதிரே தோட்டத்தின் வாசல். ரெபுப்ளிக்கிலிருந்து இங்குவரை மூன்று, மூன்றரை கிலோமீட்டர் அளவு. ஆறுதலாக நடந்து, இடையில் நின்று சாப்பிட்டு வர எங்களுக்கு இரண்டு மணி நேரம் எடுத்தது.

மாஸ்க் பற்றி: பாரிஸிலும் சுற்றியுள்ள மூன்று மாவட்டங்களிலும் வீதியில் அப்போது கட்டாயம். சாப்பிடும்போது கழற்றலாம், ஆனால் நின்றோ உட்கார்ந்தோ சாப்பிடுங்கள். ரோல்ஸைக் கடித்துக்கொண்டு நடப்பதும், மாஸ்க்கை நாடிக்கு இறக்கிவிட்டு நடப்பதும் வம்பை விலைக்கு வாங்குவது. அதற்கும் 135 யூரோதான்.

கழிப்பறை பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கடைகள் பூட்டியிருந்ததால் இதுதான் பெரிய கரைச்சலாக இருந்தது, குறிப்பாகப் பெண்களுக்கு. வீதியோரத்தில் சிறிய கழிப்பறைகள் நிற்கும், "சானிசெத்" என்பார்கள். பாரிஸில் 400க்கு மேல் இருக்கின்றன, இலவசம். ஒருவர் வெளியே வந்ததும் கதவு பூட்டி, தானாகக் கழுவிக்கொள்ளும். அது முடிந்து பச்சை விளக்கு எரியும்வரை பொறுங்கள். கதவு மூட முன்பே உள்ளே புகுந்துவிடாதீர்கள். நடப்பதற்கு முன்பே பாதையில் இரண்டு இடங்களை வரைபடத்தில் குறித்து வையுங்கள். தண்ணீர்ப் போத்தலும் சவர்க்காரத் துண்டும் பையில் இருக்கட்டும்.

தோட்டத்துக்குள் கண்ணாடி வீடுகள், காட்சிசாலை, மிருகக் காட்சி எல்லாம் அப்போது பூட்டு. மரங்களுக்குப் பூட்டில்லை. அங்கே ஒரு வெள்ளைச் செர்ரி இருக்கிறது, குடை போலத் தாழ விரிந்த மரம். அதன் நாட்கள் மார்ச் கடைசியும் ஏப்ரல் தொடக்கமும். நாங்கள் போனபோது அது முடிகிற தறுவாய், கீழே புல்லெல்லாம் வெள்ளை. அதற்குப் பதிலாக அடுக்கடுக்கான இதழோடு இளஞ்சிவப்புச் செர்ரி பூத்து நின்றது. அது ஏப்ரல் நடுப்பகுதிக்கு உரியது, குளிர் நீடித்தால் இன்னும் சில நாள் நிற்கும்.  அவள் விழுந்த இதழ் ஐந்தாறைப் பொறுக்கி அந்த முகவரிக் கடிதத்துக்குள்ளேயே மடித்து வைத்தாள்.

6. பொலிஸ் மறித்தால்

பயப்பட வேண்டாம். மாஸ்க்கைச் சரிசெய்து, கேட்பதற்கு முன் பைக்குள் கையை விடாமல் நில்லுங்கள். பிரெஞ்சு வராவிட்டால் இந்த இரண்டு வசனம் போதும். "ஜ ம ப்ரொமென்": நடக்கிறேன். "ஜாபித் ஷே மோன் கூஸான்": ஒன்றுவிட்ட சகோதரன் வீட்டில் வசிக்கிறேன். பிறகு பேப்பரைக் கொடுங்கள். கூட வந்தவருடைய பேப்பரை நீங்கள் கொடுக்காதீர்கள், அவரவர் அவரவருடையதைக் காட்டுவது நல்லது.

தண்டம் எழுதினால் அந்த இடத்தில் வாதாடிப் பயனில்லை. தொகை அப்போது 135 யூரோ. 15 நாளுக்குள் மறுபடி அகப்பட்டால் 200. 30 நாளுக்குள் மூன்று முறைக்கு மேல் என்றால் 3,750 யூரோவும் சிறையும்வரை போகும். பெரும்பாலும் கையில் தாள் தரமாட்டார்கள், கருவியில் பதிந்துவிட்டு விடுவார்கள். கடிதம் தபாலில் வரும். இங்கேதான் முகவரிச் சிக்கல் மறுபடி தலைகாட்டுகிறது: சங்கத்து முகவரிக்குப் போய்க் கிடக்கும் கடிதத்தை நீங்கள் எடுக்காவிட்டால் 45 நாள் கடந்து 135 யூரோ 375 ஆகிவிடும். தண்டம் பிழை என்று நினைத்தால் அந்த 45 நாளுக்குள் மறுப்பு எழுதலாம். ஆனால் காசைக் கட்டிவிட்டு மறுக்க முடியாது. கட்டுவது என்றால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். உங்கள் வட்டத்தின் படமும், முகவரிப் பேப்பரின் பிரதியும் அந்த மறுப்போடு போக வேண்டியவை.

7. திரும்பி வருவது

அலாரம் அடித்ததும் எழும்புங்கள். "இன்னும் பத்து நிமிடம்" என்று அவள் கேட்டாள், அந்தப் பத்து நிமிடத்தையும் நான் முன்பே கணக்கில் வைத்திருந்தேன். எங்கள் இருவருக்கும் ரயில் வேறு திசையில். அவளை ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்து வாசல்வரை கொண்டுபோய் விட்டேன், அங்கிருந்து வித்ரிக்கு ஆர்இஆர் சி பத்து நிமிடம் அளவுதான். ஆனால் இறங்கியபின் பஸ் பிடிக்க வேண்டும், அதற்கும் நேரம் வையுங்கள். நான் திரும்பி ஜூசியூவுக்கு நடந்து 7ஆம் இலக்கத்தில் ஏறினேன். வடக்கே வரும்போது அந்த மெத்ரோ எல்லாமே லாகூர்நெவ்தான் வரும், பார்த்து ஏறத் தேவையில்லை. தெற்கே போகிறவர்கள்தான் இவ்ரியா வில்ழுயீஃபா என்று பலகையைப் பார்க்க வேண்டும், பாதை அங்கே இரண்டாகப் பிரிகிறது.

நான் வீட்டுக் கதவைத் திறந்தபோது 18:36. அவளிடமிருந்து 18:50க்குச் செய்தி வந்தது: "வந்திட்டன். கொத்து இன்னும் சூடாத்தான் இருக்கு."